அன்பப்ளிஷா, யாங்கா? வெளியிட்ட பதிப்பை ஸ்கிரிப்ட் வழியே திரும்பப் பெறுவது பற்றி

ரஸ்ட் மொழியில் எழுதிய ஒரே நூலகத்தை கிரேட்ஸ்.ஐஓ (ரஸ்ட்), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), பைபிஐ (பைத்தான்) என மூன்று ரெஜிஸ்ட்ரிகளுக்கும், அதாவது நூலகங்களை வெளியிடும் பொதுக் கிடங்குகளுக்கும், அனுப்பும் திட்டங்கள் இப்போது நிறைய. வெளியிடும் பகுதியில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றிலும் ஒரு பதிப்பு எண்ணை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அந்த எண் போனது போனதுதான். நீக்கினாலும் திரும்பக் கிடைக்காது. அதனால் ஸ்கிரிப்ட் முதலில் 'இந்தப் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா' என்று பார்த்து, இருந்தால் அமைதியாகத் தாண்டிப் போக வேண்டும். இல்லையென்றால் பாதியில் நின்ற ரிலீஸை மறுபடி ஓட்டும்போது முதல் ரெஜிஸ்ட்ரியிலேயே பிழை வந்து நிற்கும். வெளியிட அனுமதி தரும் நீண்டகால டோக்கன்களை சிஐ-யில் (பில்டையும் ரிலீஸையும் தானாக ஓட்டும் சேவையில்) வைக்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. அவற்றுக்குப் பதில் சிஐ-யின் அடையாளத்தை நம்பி வெளியிட விடும் டிரஸ்டட் பப்ளிஷிங்கை 2023-இல் பைபிஐ தொடங்கியது. 2025-இல் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஆக, ஒப்பிட வேண்டியது திரும்பப் பெறுவதைத்தான். இதில் என் ஓட்டு, பதிப்பையே நீக்கும் என்பிஎம்மின் அன்பப்ளிஷுக்கு அல்ல, ரஸ்டின் பேக்கேஜ் கருவியான கார்கோவின் யாங்க் முறைக்கு.

யாங்க் செய்தால் கோப்பு ரெஜிஸ்ட்ரியிலேயே இருக்கும். ரெஜிஸ்ட்ரியின் பதிப்புப் பட்டியலான இண்டெக்ஸில் அந்தப் பதிப்பின் மேல் ஒரு கொடி மட்டும் மாறும். கார்கோ லாக் ஃபைலில் (எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் கோப்பில்) அந்தப் பதிப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் பில்ட் உடையாது. புதிதாகச் சார்புகளை (தேவைப்படும் பிற நூலகங்களை) தீர்மானிப்பவர்களுக்கு அது கிடைக்காது. கடைக்காரர் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துக் கிடங்கில் வைத்துக்கொண்டு, பழைய ரசீதோடு வருபவருக்கு மட்டும் தருவதைப் போல. ஏபிஐ-யில் இது பதிப்பின் யாங்க் முகவரிக்கு ஒரேயொரு டெலீட் கோரிக்கை. தவறாகச் செய்துவிட்டால் யாங்க் கட்டளையையே அன்டூ கொடியோடு ஓட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். டோக்கனிலும் யாங்க் அனுமதியை மட்டும் தனியாகக் கொடுக்கலாம், அதுவும் குறிப்பிட்ட கிரேட்டுகளுக்கு (ரஸ்ட் பேக்கேஜ்களுக்கு) மட்டும். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் டோக்கன் கசிந்தாலும், அதை வைத்துப் புதிய பதிப்பு எதையும் யாராலும் வெளியிட முடியாது.

குறை இல்லாமல் இல்லை. உங்கள் பதிப்பை வேறொரு கிரேட் சமக்குறி போட்டுத் துல்லியமாகப் பிடித்திருந்தால், லாக் ஃபைல் இல்லாத புதிய பில்ட் தோற்கும். ரகசியச் சாவி ஏதாவது உள்ளே போய்விட்டால் யாங்க் உதவாது. சாவியைத்தான் மாற்ற வேண்டும். இந்த விஷயத்தில் அன்பப்ளிஷும் உதவாது. நகல் ரெஜிஸ்ட்ரிகள் அதற்குள் கோப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

என்பிஎம் அன்பப்ளிஷ் உண்மையிலேயே நீக்குகிறது, சிக்கல் அங்கேதான். 2016 மார்ச்சில் 11 வரி லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜ் நீக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்டை மாற்றித் தரும் கருவியான பேபல் உட்படப் பலரின் பில்டுகள் விழுந்த பிறகுதான் விதிகள் இறுகின. வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள் என்றால், பொது ரெஜிஸ்ட்ரியில் வேறு எந்தப் பேக்கேஜும் அதைச் சார்ந்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு என்றால் சார்ந்தவர் இல்லை, வாரத்துக்கு 300-க்கும் குறைவான டவுன்லோடு, ஒரே பராமரிப்பாளர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். எல்லாப் பதிப்பையும் நீக்கினால் அந்தப் பெயரில் 24 மணி நேரத்துக்குப் புதிதாக எதுவும் போட முடியாது. இந்த நிபந்தனைகள் உங்கள் கையிலும் இல்லை. 2024 தொடக்கத்தில் 'எவ்ரிதிங்' என்ற பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரியிலுள்ள எல்லாவற்றையும் சார்புகளாகச் சேர்த்துக்கொண்டபோது, சம்பந்தமே இல்லாதவர்களின் அன்பப்ளிஷ் எல்லாம் நின்றது.

ஸ்கிரிப்ட் கோணத்தில் இன்னும் மோசம். என்பிஎம் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் லிப்என்பிஎம்பப்ளிஷ் நூலகம் ஒரு பதிப்பை நீக்க நான்கு கோரிக்கைகள் அனுப்புகிறது: பேக்கேஜ் ஆவணத்தை எடுப்பது, அந்தப் பதிப்பை உருவிவிட்டு ரிவிஷன் எண்ணோடு திரும்ப எழுதுவது, புதிய ரிவிஷனை எடுப்பது, டார்பாலை (பேக்கேஜின் சுருக்கிய கோப்பை) அழிப்பது. நடுவில் அறுந்தால் ஆவணத்தில் பதிப்பு இருக்காது, டார்பால் மட்டும் மிஞ்சும். பதிப்பு எண் வைக்கும் மாறி காலியாகிப் பேக்கேஜ் பெயருக்குப் பின் வெறும் அட் குறி மட்டும் நின்றால், அது எல்லாப் பதிப்புகளையும் குறிக்கும். கட்டளை வரியில் ஃபோர்ஸ் கொடி இல்லாமல் அது மறுத்துவிடும். ஆனால் கேள்வி கேட்டு நிற்கக் கூடாதென்று சிஐ ஸ்கிரிப்ட்டில் அந்தக் கொடியைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. நூலகத்தை நேரடியாக அழைத்தால் அந்தக் காவலும் கிடையாது. கார்கோ யாங்க்குக்குப் பதிப்பு எண் கொடுக்காவிட்டால் அது நகரவே நகராது.

என்பிஎம்மை விட்டுவிட முடியாதவர்கள் அங்கேயே யாங்க்கைப் போலச் செய்யலாம். முதலில், பதிப்புகளுக்குப் பெயர் ஒட்டும் டிஸ்ட்-டேக் கட்டளையால் 'லேட்டஸ்ட்' டேகை முந்தைய நல்ல பதிப்புக்கு நகர்த்துங்கள். அடுத்து கெட்ட பதிப்பை, எதற்கு மாற வேண்டும் என்ற செய்தியோடு டெப்ரிகேட் செய்யுங்கள் (பயன்படுத்த வேண்டாம் என்று குறியிடுங்கள்). காரட் குறி (^) போட்ட பதிப்பு வரம்புக்குள் 'லேட்டஸ்ட்' பொருந்தினால் என்பிஎம் அதைத்தான் எடுக்கும். வரம்புக்குள் வேறு பதிப்பு இருந்தால் டெப்ரிகேட் ஆனதைத் தவிர்க்கும். லாக் ஃபைல் வைத்திருப்பவர்களின் நிறுவல் உடையாது. காலிச் செய்தியோடு மறுபடி ஓட்டினால் டெப்ரிகேட் நீங்கிவிடும். என்பிஎம் கட்டளைக்கு மாற்றான யார்னும் பிஎன்பிஎம்மும் இதே வரிசையில் தேர்ந்தெடுக்கும் என்று எண்ணாமல் சோதித்துப் பாருங்கள். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் டிரஸ்டட் பப்ளிஷிங் செல்லாது, தனி டோக்கன் வேண்டும்.

பைபிஐ-யின் யாங்க்கும் நல்ல முறைதான். இரட்டைச் சமக்குறி போட்டுத் துல்லியமாகப் பிடித்தவருக்கு மட்டும், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் அந்தப் பதிப்பை யாங்க் செய்த காரணத்தைக் காட்டி நிறுவும். ஆனால் யாங்க் செய்ய இணையதளத்தில் உள்நுழைந்து பொத்தானை அழுத்த வேண்டும், ஏபிஐ இல்லை. தானியக்கம் என்ற அளவுகோலில் அது மூன்றாவது.

தனியார் ரெஜிஸ்ட்ரி என்றால் விதிகள் அதை நடத்துபவர் வைத்ததுதான். சிலவற்றில் நீக்கிய அதே எண்ணில் மறுபடி வெளியிட முடியும். வசதியாகத் தோன்றும், ஆனால் பழைய லாக் ஃபைலில் உள்ள ஹாஷ் (கோப்பின் கைரேகை) புதிய கோப்போடு பொருந்தாமல் எல்லோருடைய நிறுவலும் இன்டெக்ரிட்டி பிழையில் நிற்கும். தனியார் என்பிஎம் ரெஜிஸ்ட்ரி நடத்த உதவும் மென்பொருளான வெர்டாச்சியோவில் அன்பப்ளிஷ் அனுமதியைப் பப்ளிஷிலிருந்து பிரித்து அமைக்க முடியும். சிஐ பயனருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.