1795 பனைமரப் படம் என்று சொல்லி ₹64,000 பறித்துவிட்டார்கள்: பழைய பிரிண்ட் வாங்குபவர்கள் கவனிக்க

₹64,000. கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகத் தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய புத்தகம், நாணயம், மேப், பிரிண்ட் எல்லாம் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதுவரை எழுதாதே என்று வக்கீல் தோழி சொல்லியிருக்கிறாள். அந்தத் தளத்தில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வைத்திருக்கும் ஒரு விற்பனையாளர், 1795-ல் லண்டனில் அச்சான, செப்புத் தகட்டில் செதுக்கிக் கையால் வண்ணம் தீட்டிய பனைமரப் படம் என்று சொல்லி என்னிடம் விற்றது பிரிண்டரில் அடித்த ஒரு தாள். இன்று காலை தளத்திலிருந்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெயில் வந்தது. எதுவும் தீரவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது.

இந்தப் படம் என்ன, இதற்கு ஏன் அவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விவரம். வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்கு வந்து, காக்கிநாடா பக்கம் சாமல்கோட்டில் தங்கிச் செடிகொடிகளை ஆராய்ந்தார். உள்ளூர் ஓவியர்களை வைத்து நூற்றுக்கணக்கில் படம் வரைய வைத்து லண்டனுக்கு அனுப்பினார். அதில் 300 படங்களை லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் மேற்பார்வையில் தேர்ந்தெடுத்து, 'பிளான்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆஃப் கோரமண்டல்' என்று 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரைதான். முதல் தொகுதியிலேயே பனை இருக்கிறது. எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். பனை இல்லாத வரப்பு அங்கே கிடையாது. அந்த மரத்தை இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பாளையும் நுங்குமாகப் பார்த்து வரைந்த படம் என் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

இது நேற்று தொடங்கிய பைத்தியம் இல்லை. கர்ட்டிஸ் என்பவர் 1787-ல் தொடங்கிய தாவர இதழிலிருந்து பிரித்த சின்னச் சின்ன பிளேட்டுகள் (படத் தாள்கள்) என்னிடம் இருக்கின்றன. 1948 வரை அந்த இதழில் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் சென்னையில் அச்சிட்ட 'ஐகோன்ஸ்' என்ற தாவரப் படத் தொகுப்பிலிருந்தும் சில தாள்கள் வைத்திருக்கிறேன். அதன் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். மொத்தம் 2,101 படங்கள், பெரும்பாலும் வண்ணம் இல்லாத கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சடிப்பது), அதனால் விலை கைக்கு எட்டும். ராக்ஸ்பரோ அப்படியில்லை. அதனால்தான் இவ்வளவு வருஷம் தள்ளிப்போட்டேன்.

இப்போது அந்த ஆள் என்னை எப்படி நம்ப வைத்தான் என்று சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

நான் முதலில் கேட்டது பனையே இல்லை. அதே ஆளின் பட்டியலில் ₹1,800-க்கு ஒரு கர்ட்டிஸ் ரோஜாப் படம் இருந்தது, அதைப் பற்றி விசாரித்தேன். உடனே போன் வந்தது. "அக்கா, அது உங்களுக்கு வேண்டாம். பின்னாடி போட்ட மறுபதிப்பு, தெரியாம லிஸ்ட்ல ஏறிடுச்சு. நீங்க விவரமானவங்க, உங்ககிட்ட அதைக் கொடுத்தா நாளைக்கு நான் மூஞ்சி காட்ட முடியாது." நான் லைனில் இருக்கும்போதே அந்தப் பட்டியலை எடுத்தும் விட்டான். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யாராவது சந்தேகப்படுவார்களா? ₹1,800-ஐ விட்டுக்கொடுத்து ₹64,000-க்குத் தூண்டில் போட்டிருக்கிறான்.

அப்புறம்தான் பனை வந்தது. ஊட்டிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் நூலகத்தைக் கழித்துப் போட்டார்களாம், அதில் சிதைந்த ஒரு தொகுதியாம், அதிலிருந்து தப்பித்த சில படங்களில் ஒன்றாம். சாமல்கோட்டையும் பேங்க்ஸையும் நான் சொல்வதற்கு முன்னால் அவனே சொன்னான். வீடியோ காலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துச் சாய்த்துக் காட்டினான். நுங்குக் குலையின் கருமையில் வெளிச்சம் பட்டு மினுங்கியது. அந்தக் காலத்தில் வண்ணம் தீட்டியபின் அழுத்தமான இடங்களில் மட்டும் கருவேலம் பிசின் தடவி மினுக்கம் கொடுப்பார்கள். இது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே செய்திருக்கிறான்.

காகிதத்தின் ஓரத்தைக் காட்டச் சொன்னேன். "பழைய ஃபிரேம் அக்கா, மவுண்ட் ஒட்டியிருக்கு. பிரிச்சா காகிதம் கிழிஞ்சிரும். நீங்களே நல்ல ஃபிரேமர்கிட்ட கொடுத்து நிதானமா பிரிச்சுக்கங்க" என்றான். (மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி ஓரத்தை மறைத்து வைக்கும் அட்டை.) எவ்வளவு அக்கறை! ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய சர்டிபிகேட் அனுப்புகிறேன் என்றான், ஏழு நாள் ரிட்டர்ன் உண்டு என்றான். தளத்துக்குள்ளேயே கார்டில் ₹64,000 கட்டினேன். வெளியே ஜிபே எதுவும் இல்லை. எல்லாம் முறைப்படி.

படம் வந்தது. சுவரில் மாட்டும் முன்பு பின்பக்க ஹார்ட்போர்டை மாற்றலாம் என்று மதுரையில் எனக்குத் தெரிந்த ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். சாதா ஹார்ட்போர்டில் இருக்கும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும், அதனால் அமிலமில்லாத அட்டை வைப்பது வழக்கம். கடைக்காரர் டேப்பைப் பிரித்து மவுண்டைத் தூக்கினார். தாளைக் கையில் எடுத்ததுமே, "அம்மா, இதுல அமுங்கின கோடே இல்லையே" என்றார்.

செப்புத் தகட்டில் கோட்டைச் செதுக்கி, மையை அதற்குள் நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையால் அழுத்துவார்கள். அழுத்துகிற அழுத்தில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்துவிடும். பிற்காலத்தில் யாராவது ஓரத்தை வெட்டியிருந்தால் ஒழிய அந்தப் பள்ளம் போகாது. மவுண்டுக்கு அடியில் அகலமாக ஓரம் விட்டிருந்த என் தாளில் அது இல்லை. கோடுகளிலும் விரலில் தட்டுப்படும் அந்த மேடு இல்லை.

வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை அவர் வைத்திருந்தார். அதில் பார்த்தேன். செதுக்கிய கோடு என்றால் ஒரே கறுப்பு மையாக, நுனியில் ஊசியாகக் கூர்ந்து முடியும். இங்கே பச்சை ஓலையும் சரி, கறுப்புக் கோடும் சரி, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகத் தெளித்த புள்ளிகள். இன்க்ஜெட். பிசின் மட்டும் நிஜம், மேலே பிரஷ்ஷால் தடவியிருக்கிறான்.

என்னைக் கொதிக்க வைத்தது கறைதான். இடது கீழ் மூலையில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. பழைய காகிதத்தில் பூஞ்சையோ இரும்புத் துகளோ இப்படிப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். அதைப் பார்த்துத்தான் போனில் நான் சந்தோஷப்பட்டேன். லென்ஸ் வைத்தால் அந்தக் கறையும் புள்ளிகள்! திருப்பிப் பார்த்தால் பின்னால் கறையே இல்லை, வழவழவென்று வெள்ளை. ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை பக்கத்துக் கடையில் வாங்கி அடித்தோம், தாள் நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர வைக்கும் ரசாயனத்தைக் காகிதத்தில் சேர்க்கத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 1795-ன் கந்தல்துணிக் காகிதம் அப்படி ஒளிராது.

வீட்டுக்கு வந்து தேடினேன். இந்த நூலின் பக்கங்களை நூலகங்கள் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. அப்படி ஒரு ஸ்கேனில் அதே பனை, அதே மூலையில் அதே கறை. யாருடைய புத்தகத்திலோ இருந்த கறையையும் சேர்த்து அடித்து எனக்கு ₹64,000-க்கு விற்றிருக்கிறான்.

இனி அலைக்கழிப்பு. முதல் மெசேஜுக்கு "செக் பண்றேன் அக்கா". அடுத்ததற்கு "மேடம், நீங்க ஃபிரேமைப் பிரிச்சிட்டீங்களே, ரிட்டர்ன் அசல் நிலையில இருந்தாதான்". பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது யார்? சர்டிபிகேட்டைக் காட்டிக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே போடுகிறேன்: "1795னு இருக்கிறது புத்தகம் வந்த வருஷம் மேடம். இந்த பிரிண்ட் போட்ட வருஷம்னு எங்கயும் எழுதல." அதற்குப் பிறகு பதிலே இல்லை, நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

தளத்தின் கஸ்டமர் கேர் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து கதை. "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் இடைத்தளம் மட்டுமே." சரி, அப்படியென்றால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அது விற்பனையாளரின் ஜிஎஸ்டியையும் முகவரியையும் சரிபார்த்ததற்காம், பொருளைச் சரிபார்த்ததற்கு இல்லையாம். லென்ஸ் வழியாக எடுத்த போட்டோவை அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை" என்றார்கள். "ஒரிஜினல், கையால் வண்ணம் தீட்டியது, 1795" என்று எழுதியிருந்த பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். அந்தப் பட்டியல் இப்போது தளத்தில் இல்லாததால் பரிசீலிக்க முடியாதாம். வங்கியில் கேட்டால், ஓடிபி போட்டு நீங்களே கட்டியது, பொருளும் டெலிவரி ஆகியிருக்கிறது, டிஸ்ப்யூட் எடுக்க மாட்டோம். ஆக ₹64,000 போனதற்கு உலகத்தில் யாருமே பொறுப்பில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மறுபதிப்பு விற்பது குற்றமே இல்லை. "இது நகல், விலை ₹800" என்று போட்டிருந்தால் நானே ஆசையாக வாங்கி மாட்டியிருப்பேன். நகலுக்குப் பிசின் தடவி, கறை விட்டு, எஸ்டேட் கதை கட்டினால் அது திருட்டு. "பார்த்து வாங்கியிருக்கணும்" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இடத்தில் போய்ச் சொல்லுங்கள். பார்க்க விடாமல் மூடி ஒட்டி விற்றவனை விட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தனியாக விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

ஃபிரேம் போட்ட பழைய பிரிண்டை ஆன்லைனில் வாங்காதீர்கள், தாளாகத்தான் கேளுங்கள். பின்பக்கப் போட்டோ, நான்கு ஓரங்களின் போட்டோ, லென்ஸ் வைத்த போட்டோ மூன்றும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். 10 மடங்கு லென்ஸ் சில நூறு ரூபாய்தான். செப்புத் தகடு என்று சொன்னால் விளிம்புப் பள்ளத்தைக் கேளுங்கள் (கல்லச்சுக்கு அது இருக்காது, அதை வைத்துக் குழம்பாதீர்கள்). வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். 1794-க்குப் பிறகான ஆங்கிலேயக் காகிதம் பலவற்றில் நீர்க்குறியோடு (வாட்டர்மார்க்) ஆண்டும் இருக்கும், ஆனால் எல்லாத் தாளிலும் விழாது. அதே படத்தின் இலவச ஸ்கேன்களைத் தேடிக் கறைகளை ஒப்பிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பட்டியலைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டாமல் நேராக அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். ₹5 லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நண்பர் லிங்க் அனுப்பினார். அதே தளம், வேறு கடைப் பெயர், அதே பனை, ₹58,000. பச்சை டிக்கும் இருக்கிறது. யாராவது பேசி முடிக்கும் நிலையில் இருந்தால் நிறுத்துங்கள். இடது கீழ் மூலையில் ஐம்பது பைசா அளவுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வழக்குக்கு வேண்டும்.