பிஎம்டபிள்யூவின் சர்வோ ஏபிஎஸ்: பழைய வண்டியில் இன்றைக்கு எப்படி?

ஆர் 1150 ஆர்டி, ஆர் 1150 ஆர், கே 1200 எல்டி போன்ற பிஎம்டபிள்யூ வண்டிகளில் 2001 தொடங்கி வந்த இன்டெக்ரல் ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடு, மின்மோட்டாரால் பிரேக்குக்குப் பலம் கூட்டும் சர்வோவும் சேர்ந்தது), நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் இரண்டு விரலில் வண்டியை நிறுத்தும். கெட்டுப்போனால் அதே லிவரை முழுப் பலத்தோடு பிடிக்க வேண்டிவரும். ஏபிஎஸ் விளக்கு எரிந்ததுமே மாட்யூலை (பம்பும் மின்னணுவும் அடங்கிய பிரேக் பெட்டி) மாற்றச் சொல்வது பல இடங்களில் வழக்கம். அவசரப்பட வேண்டாம். விளக்கு எரியக் காரணம் பல நேரம் மாட்யூலுக்கு வெளியேதான் இருக்கும். மாட்யூலை உண்மையிலேயே கொல்வது, ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில்.

அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண டிஸ்க் பிரேக்கில் லிவரிலிருந்து காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) வரை ஒரே ஆயில்தான். இங்கே இரண்டு தனித்தனிச் சுற்றுகள். லிவரும் பெடலும் தள்ளும் ஆயில் பெட்ரோல் டேங்குக்குக் கீழே உள்ள மாட்யூலோடு நின்றுவிடும். அது கட்டுப்பாட்டுச் சுற்று. மாட்யூலிலிருந்து காலிப்பர்களுக்குப் போவது சக்கரச் சுற்று. அதற்கு அழுத்தம் கொடுப்பவை மாட்யூலுக்குள் இருக்கும் மின்மோட்டார் பம்புகள். சாவியைப் போட்டு லிவரைத் தொட்டதும் டேங்குக்கு அடியில் கேட்கும் 'ஊங்' சத்தம் அவற்றினுடையது.

இதனால் வரும் ஒரு விஷயம் பழைய பழக்கத்தில் இருப்பவர்களை ஏமாற்றும். சக்கரச் சுற்றின் ஆயில் தொட்டி மாட்யூலிலேயே இருப்பதால், பேட் (டிஸ்க்கில் உரசும் பிரேக் கட்டை) தேயத் தேய ஹேண்டில்பாரில் உள்ள தொட்டியின் அளவு குறையாது. 'ஆயில் அப்படியே இருக்கிறது, பேட் நன்றாகத்தான் இருக்கும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. பேட்டைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். ஹேண்டில்பார் தொட்டியில் அளவு குறைந்தால் அது தேய்மானம் இல்லை, எங்கோ கசிவு.

இனி விளக்குகள். சாவி போட்டதும் மாட்யூல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் லிவரையோ பெடலையோ பிடித்திருந்தால் சோதனை முடியாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். வண்டி நகர்ந்து சில மீட்டர் போனதும் விளக்குகள் அணைய வேண்டும். ஏபிஎஸ் விளக்கு நொடிக்கு ஒரு முறை நிதானமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று பொருள். நொடிக்கு நான்கு முறை படபடவென்று சிமிட்டினால் சர்வோவே போய்விட்டது. லிவர் நீளமாக உள்ளே வரும், முழுப் பலத்தோடு பிடித்தால்தான் நிற்கும். அந்த நிலையில் ஓட்டவே கூடாது.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி கியர் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டாலும் விளக்கு எரியும். பின்சக்கரம் ஓடுகிறது, முன்சக்கரம் நிற்கிறது என்று மாட்யூல் குழம்புவதுதான் காரணம். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் சரியாகிவிடும்.

அதிலும் விளக்கு அணையவில்லையென்றால் பேட்டரியைப் பாருங்கள். பம்புகள் மின்சாரத்தை வாரிக் குடிப்பவை. நன்றாகச் சார்ஜ் ஏற்றி, சில மணிநேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. அளவு சரியாக இருந்தும் லிவர் பிடிக்கும்போது பம்ப் சத்தம் தளர்ந்து இழுத்தால், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மாட்யூலின் எர்த் இணைப்பிலும் வைத்து லிவரைப் பிடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு. கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும்.

பிறகு லிவரின் பிரேக் சுவிட்ச். ஒட்டிக்கொண்டிருந்தால் பிரேக் எப்போதும் பிடித்திருப்பதாகவே மாட்யூல் நினைக்கும். அதன் பிறகு சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்கள்: நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள். முன் சென்சார் ஒயரை ஹேண்டில் திரும்பும் இடத்தில் வளைத்துப் பாருங்கள், வெளியே தெரியாமல் உள்ளே அறுந்திருக்கும். ஜிஎஸ்-911 போன்ற கண்டறியும் கருவி இருந்தால், சீட்டுக்கு அடியில் உள்ள வட்டமான 10 முனை இணைப்பியில் செருகிப் பிழைக்குறியீட்டைப் படித்துவிடலாம். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

ஆயில் மாற்றுவதில்தான் பெரும்பாலான பட்டறைகள் தவறுகின்றன. ஹேண்டில்பார் தொட்டியில் மட்டும் புது ஆயில் ஊற்றி, வழக்கம்போல ஏர் எடுத்து (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றி) அனுப்பிவிடுவார்கள். சக்கரச் சுற்றில் பழைய ஆயில் அப்படியே இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி மாட்யூலின் உள்பாகங்களை அரிக்கும். காலப்போக்கில் உள்ளே இறுகிப்போகும்.

சரியான முறைக்கு டேங்கைக் கழற்ற வேண்டும். டாட் 4 வகை பிரேக் ஆயில் ஒரு லிட்டர், மாட்யூல் தொட்டியின் மூடிக்குப் பதிலாகக் கசியாமல் பொருந்தும் புனல், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்று தேவை. பேட்களை எடுத்துவிட்டு காலிப்பர் பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளி, வெளியே வராதபடி கட்டை கொடுங்கள். இப்படிச் செய்தால்தான் தொட்டியின் அளவு சரியாக அமையும். பேட் தேய்ந்த நிலையில் நிரம்ப ஊற்றினால், புது பேட் போடும் நாளில் ஆயில் பொங்கி வயரிங்கிலும் பெயிண்டிலும் வழியும். புனலை நிரப்பி, காலிப்பரில் ஆயில் வெளியேற்றும் திருகான நிப்பிளில் டியூபை மாட்டித் திறந்து, சாவியைப் போட்டு லிவரை மெல்லத் தொடுங்கள். பம்பே ஆயிலைத் தள்ளும், எதிர்பார்த்ததைவிட வேகமாகவே தள்ளும். அதனால் ஒருவர் லிவரில், ஒருவர் புனலில் நிற்பது நல்லது. புனல் ஒரு நொடி காலியானாலும் பம்புக்குள் காற்று போய்விடும், வேலை முதலிலிருந்து. தெளிந்த ஆயில் வந்ததும் நிப்பிளை மூடிவிட்டுத்தான் லிவரை விட வேண்டும். கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சாவி வேண்டாம். மாட்யூல் மேலுள்ள நிப்பிள்களில் கையால் பம்ப் அடித்துச் சாதாரணமாக ஏர் எடுக்கலாம். சக்கரச் சுற்று ஆண்டுக்கு ஒரு முறை, கட்டுப்பாட்டுச் சுற்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இதில் சமரசம் கிடையாது.

ஓட்டுவதில் இந்த பிரேக் எப்படி? நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய கனமான வண்டிக்கு இதைவிட நிம்மதியானது குறைவு. நடக்கும் வேகத்தில் மட்டும் சட்டென்று கடிக்கும். ஆர் 1150 ஆர்டியில் பெடலை மிதித்தாலும் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் என்பதால், ஹேண்டிலை முழுதாகத் திருப்பி மெதுவாக வளைக்கும்போது பின்பிரேக்கை நம்பினால் வண்டி சாய்ந்துவிடும். ஆர் 1150 ஆரில் பெடல் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், கைலிவர்தான் இரண்டையும். சாவி அணைந்திருந்தால் சர்வோ இல்லை என்பதால், சரிவில் வண்டியைத் தள்ளி நகர்த்தும்போது சாவியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் குறியீடு பம்பையே காட்டினால் மாட்யூல் போய்விட்டது. பழுது பார்ப்பவர்களிடம் கொடுத்துப் புதுப்பிப்பதே எங்கள் முதல் தேர்வு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூலும் அதே பழைய ஆயிலில் ஊறியதாக இருக்கலாம். மாட்யூலை எடுத்துவிட்டு லிவரிலிருந்து காலிப்பருக்கு நேரடி ஹோஸ் போடுகிறவர்கள் பிரேக் விளக்கின் வயரிங்கையும் மாற்ற வேண்டிவரும். பதிவுச் சட்டமும் காப்பீடும் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டே ஸ்பேனரை எடுங்கள்.

வாங்கப் போகும் வண்டியில் முதல் கேள்வி, சக்கரச் சுற்றின் ஆயில் கடைசியாக எப்போது மாறியது என்பது. அதற்கான ரசீது இல்லை என்றால், மாட்யூல் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.