பைன்ஃபோன் நீண்ட காலப் பயன்பாட்டில்: மோடம் தேறியது, யுபிஐ தேறவில்லை

ஆண்ட்ராய்டுக்குப் பதில் கணினிகளில் ஓடும் லினக்ஸே ஓடும் ஃபோன், அதாவது லினக்ஸ் ஃபோன் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ப்ராசசரும் ரேமும். பைன்64 நிறுவனத்தின் பைன்ஃபோனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆல்வின்னர் ஏ64 சிப், நாலு கார்டெக்ஸ்-ஏ53 கோர், 2 அல்லது 3 ஜிபி ரேம், 5.95 அங்குலத் திரை. பிரேவ்ஹார்ட் என்ற முதல் தொகுப்பு 2020 ஜனவரியில் 149 டாலருக்கு அனுப்பப்பட்டபோதே இது பழைய சரக்குதான். அப்போது உள்ளே இருந்தது தொழிற்சாலைச் சோதனை மென்பொருள் மட்டும். ஓஎஸ் வேண்டுமென்றால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஃபோன் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் மோடம், அதாவது டவரோடு பேசும் பாகம். வடசென்னையில் ராயபுரத்துக்கும் விம்கோ நகருக்கும் தினமும் போய்வருகிறவருக்கு, கூப்பிட்டால் அடிக்கிறதா, சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விதான் முக்கியம்.

தொடக்க காலத்தில் இரண்டுக்கும் பதில் 'இல்லை'. காரணம் ஒன்றேதான். ஃபோனை உறங்க விடாமல் வைத்தால் சும்மா கிடக்கும்போதே சில மணி நேரத்தில் பேட்டரி காலியாகும். உறங்க விட்டால் அழைப்பு தவறும். ஏ64 சிப்புக்குள் ஏஆர்100 என்ற சின்னத் துணைக் கோர் ஒன்று இருக்கிறது. பெரிய கோர்களை முழுக்க அணைத்துவிட்டு அதன்மேல் ஓடும் 'க்ரஸ்ட்' ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் அடிப்படை மென்பொருள்) வந்த பிறகுதான் உண்மையான உறக்கம் கிடைத்தது. உறங்கும்போதும் மோடத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அழைப்பு வந்தால் அது ஒரு கம்பி வழியாகச் சிப்பைத் தட்டி எழுப்பும். கோளாறு அதற்கடுத்த நொடியில் இருந்தது: விழித்த கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) யுஎஸ்பி வழியே மோடம் புதிய சாதனமாகத் தெரியும், மோடத்தைக் கையாளும் மென்பொருளான மோடம்மேனேஜர் அதை முதலிலிருந்து அடையாளம் காணத் தொடங்கும், அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். மோடத்தை மேற்பார்க்கும் இஜி25-மேனேஜரும், விழித்ததும் பழைய நிலையிலிருந்தே தொடரும் மோடம்மேனேஜர் வசதியும் சேர்ந்து இதைச் சரிசெய்தன. இன்று கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கத் தொடங்கி சில நொடி கழித்து நம் ஃபோன் அடிக்கிறது. இரண்டு மணியிலேயே வைத்துவிடுகிற ஆசாமிகள் மட்டும் இன்னும் தவறிப்போவார்கள்.

மோடத்தின் ஃபர்ம்வேரை மாற்றுவதா என்பது தனி முடிவு. உள்ளே இருப்பது குவெக்டெல் இஜி25-ஜி. அது வெறும் ரேடியோ இல்லை. குவால்காம் சிப்பில் தனக்கென்று ஒரு லினக்ஸை ஓட்டும் இன்னொரு கணினி. அந்த லினக்ஸ் பகுதிக்கு ஆர்வலர்கள் எழுதிய திறந்த ஃபர்ம்வேர் இருக்கிறது. ரேடியோவை ஓட்டும் உட்பகுதி அப்போதும் மூடியதுதான். ஃபிளாஷ் செய்யும்போது (புது ஃபர்ம்வேரை ஏற்றும்போது) பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், உறக்கத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். நடுவில் ஃபோன் தூங்கினால் மோடம் அரைகுறையாக நின்றுவிடும்.

இனி சிம். நம்மூர் 4ஜி அலைவரிசைகளான 1, 3, 5, 8, 40, 41 எல்லாவற்றையும் இந்த மோடம் பிடிக்கும். சிக்கல் குரலில். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 4ஜி வழியே பேச உதவும் வோல்ட்இ பதிவாகாவிட்டால் நெட் ஓடும், அழைப்பு வராது. வோல்ட்இக்கு அடித்தளமான ஐஎம்எஸ் நிலையைக் கேட்கும் ஏடி கட்டளைக்கு (மோடத்துக்கு நேரடியாக அனுப்பும் எழுத்துக் கட்டளை) மோடம் 1,1 என்று பதில் சொன்னால் வோல்ட்இ இருக்கிறது; 1,0 என்றால் இல்லை. அந்த வில்லங்கம் வேண்டாம் என்பவர்களுக்கு 2ஜி இன்னும் உயிரோடு இருக்கும் ஏர்டெல் அல்லது பிஎஸ்என்எல் சிம் போதும். பேசும்போது மட்டும் நெட் நிற்கும். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை மூன்றும் தரைக்கடியில். டவர் போய்ப் போய் வரும் இடத்தில் மோடம் தேடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் இறங்கும். ரயில் மேலே ஏறிய பிறகும் 2ஜியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அமைப்பில் 4ஜிக்கு முன்னுரிமை கொடுத்து, விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் போதும்.

சிம் குழியில் கவனம் வேண்டும். மேல் அடுக்கு மைக்ரோ எஸ்டி, கீழ் அடுக்கு மைக்ரோ சிம். இன்று கடையில் கிடைப்பது நானோ சிம் என்பதால் அடாப்டர் தேவைப்படும். வெறும் அடாப்டரை உள்ளே தள்ளினாலோ, அடாப்டரை விட்டுவிட்டு சிம்மை மட்டும் இழுத்தாலோ தொடுமுனைகள் வளைந்து உடையும். அதற்குப் பிறகு மதர்போர்டில் சால்டரிங் வேலைதான். புது ஃபோன் உயிர் பெறவில்லை என்று பதறுகிறவர்கள் முதலில் பேட்டரியின் தொடுமுனையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுத்தார்களா என்று பார்க்கவும்.

பேட்டரி விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு யோகம். சாம்சங் ஜே7 மாடலின் பேட்டரி அப்படியே பொருந்தும். ஈபி-பிஜே700 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பர்மா பஜார் கடைகளில் அந்த மாடலுக்கு மாற்று பேட்டரி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் உறையில் அச்சடித்த 3000 எம்ஏஎச்சை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். எடை குறைவாக, உறை தளர்வாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயிலும் ஒரு கணக்கு: லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது. கத்திரியில் ஷீட் கூரைக்குக் கீழே, ஃபோன் இயங்கிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் போட்டால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. திரையை அணைத்துவிட்டுப் போடுவது நல்லது.

6000 எம்ஏஎச் பேட்டரியோடு வரும் விசைப்பலகை உறை வாங்கினால் ஒரு விதியை மறக்கக் கூடாது. உறை மாட்டியிருக்கும்போது அதன் துளையில்தான் சார்ஜர் செருக வேண்டும், ஃபோனின் துளையில் கூடாது. மீறினால் மின்சுற்று போய்விடக்கூடும். ஃபோனின் பின்னால் இருக்கும் ஆறு போகோ முனைகள் (தொட்டு இணையும் மின்முனைகள்) வழியாகத்தான் உறை பேசுகிறது. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் அந்த முனைகள் மங்கி எழுத்துகள் விட்டுவிட்டு வரும். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அவ்வப்போது துடைத்தால் சரியாகிவிடும்.

தனியுரிமைக்காக வாங்குகிறவர்கள் பின்மூடியைக் கழற்றினால் ஆறு குட்டி ஸ்விட்ச் தெரியும்: மோடம், வைஃபை-ப்ளூடூத், மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்ஃபோன். ஆறாவதை அணைத்தால் ஹெட்ஃபோன் துளை பிழை தேடுவதற்கான சீரியல் போர்ட்டாகிவிடும். பாட்டு கேட்கவில்லை என்று தவிப்பவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம். ஆறும் வன்பொருள் ஸ்விட்ச்; ஆனால் எல்லாமே மின்னிணைப்பை நேரடியாகத் துண்டிப்பவை அல்ல. பல்குச்சியால் தள்ளவும், ஊசி வேண்டாம். பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 என்ற இன்னொரு லினக்ஸ் ஃபோனில் இதே வேலைக்கு விளிம்பிலேயே மூன்று ஸ்விட்ச் இருப்பதால் தினசரிப் பயனுக்கு அதுதான் வசதி. ஆனால் விலை பைன்ஃபோனைப்போல் பல மடங்கு.

ஸ்விட்சைவிடப் பெரிய பாதுகாப்பு, மோடம் யுஎஸ்பியில் தொங்குவது. சாதாரண ஃபோன்களில் மோடமும் ப்ராசசரும் பெரும்பாலும் ஒரே சிப்பில் நினைவகத்தைப் பகிர்கின்றன. இங்கே மோடத்துக்கு நம் கோப்புகள் இருக்கும் ரேம் எட்டாது. அதற்காக நாம் மறைந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். மோடம் இயங்கும்வரை எந்த டவர் பக்கம் இருக்கிறோம் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

யுபிஐதான் பெரிய முட்டுக்கட்டை. வேட்ராய்டு என்ற கன்டெய்னரில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும். இந்த ரேமில் இழுபறியாக ஓடும். யுபிஐ ஆப் மட்டும் பதிவிலேயே நின்றுவிடும். அது சிம்மிலிருந்து தானே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணை உறுதிசெய்ய வேண்டும். கன்டெய்னருக்குள் சிம்மே தெரியாது. மாற்று இரண்டு. ஒன்று, நெட் இல்லாமலே டயல் செய்து பணம் அனுப்பும் *99#: மோடம்மேனேஜரின் யுஎஸ்எஸ்டி கட்டளையில் போகும், வரம்பு 5,000 ரூபாய், 2ஜி உள்ள சிம் வேண்டும். இன்னொன்று 2022இல் சாதா ஃபோன்களுக்காக வந்த யுபிஐ 123பே: குரல் வழி எண்ணைக் கூப்பிட்டு எண்களை அழுத்தினால் முடிந்தது. அதன் வரம்பை 10,000 ரூபாயாக உயர்த்த ரிசர்வ் வங்கி 2024இல் அனுமதித்தது. மாத வாடகைக்கு இவை போதும். மீன் கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது எடுபடாது. கையில் காசு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ் பற்றிச் சுருக்கமாக: போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டதும் தமிழ் எஸ்எம்எஸ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், நிறுவினால் சரி. தட்டச்சுக்கு ஃபோஷ் என்ற இடைமுகத்தில் ஓடும் ஸ்க்வீக்போர்டு விசைப்பலகை, யாமல் வடிவ உரைக் கோப்பு ஒன்றை ஏற்கும்; தமிழ்99 அமைப்பை நாமே எழுதி வைத்துவிடலாம்.

வளர்ச்சியின் இன்னொரு முகமும் உண்டு: மென்பொருள் முன்னேற முன்னேற இந்த ஃபோன் மெதுவாகிறது. ஆப்களின் திரையை வரையும் ஜிடிகே 4 கருவித்தொகுப்பின் புதிய வரைபொறிக்கு ஓபன்ஜிஎல் இஎஸ் என்ற வரைகலைத் தரத்தின் 3.0 பதிப்பு வேண்டும், இங்கிருக்கும் மாலி-400 வரைகலைப் பகுதிக்கு 2.0தான் எல்லை. அதனால் புதிய ஆப்கள் திரையை ப்ராசசரை வைத்தே வரைகின்றன, உருட்டும்போது விரலுக்குப் பின்னால் திரை வருகிறது. எஸ்எக்ஸ்எம்ஓ என்ற எளிய இடைமுகத்துக்கு மாறினால் பாதிக் கனம் குறையும், ஆனால் ஒலி பொத்தான்களாலேயே மெனுவை ஓட்டப் பழக வேண்டும். வேகமான மாடலான பைன்ஃபோன் ப்ரோ 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது.

பழையது வாங்குவதானால் போர்டு எண்ணைப் பாருங்கள். 1.2ஏ முதல் யுஎஸ்பி-சி டாக்கில் மானிட்டர் வரும். அதற்கு முந்தையவற்றில் சால்டரிங் இல்லாமல் வராது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தொல்லை வேண்டாம், ஸ்விட்சும் வேண்டாம் என்பவர்களுக்கு 2018இன் போக்கோ எஃப்1 செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதிலும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஓடும், வேகம் பல மடங்கு. கேமராவை நம்பி வாங்க வேண்டாம். வேறு ஓஎஸ் போட முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும்; அதற்கு ஷாவ்மியின் மி கணக்கு வேண்டும், காத்திருப்பும் உண்டு. அதில் டியன்மா, இபிபிஜி என்று இரண்டு வகைத் திரை வந்திருக்கிறது; அதனால் ஏற்ற வேண்டிய ஓஎஸ் இமேஜும் இரண்டு. எந்தத் திரை என்று தெரிந்துகொள்ளாமல் ஃபிளாஷ் செய்தால் ஃபோன் இயங்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.