ஈராக் பாடி கவுண்ட்: போரின் ஏற்ற இறக்கத்தை அளக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஈராக் போரில் வன்முறை எந்த மாதம் ஏறியது, எப்போது தணிந்தது, எந்த மாகாணத்தில் எந்த ஆயுதம் அதிக உயிர்களைக் கொண்டுபோனது என்று தேடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் ஈராக் பாடி கவுண்ட். படையெடுப்புக்கு முன்பே, 2003 ஜனவரியில், பிரிட்டனில் தன்னார்வலர்கள் தொடங்கிய தரவுத்தளம் இது. ஹமித் தர்தகனும் ஜான் ஸ்லோபோடாவும் இணை நிறுவனர்கள். செய்தி நிறுவனங்களின் தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மருத்துவமனை, பிணவறை, தொண்டு நிறுவனங்கள், அரசு ஆகியவற்றின் பதிவுகளையும் சேர்த்து, வன்முறையில் இறந்த பொதுமக்களை நிகழ்வு நிகழ்வாகப் பதிகிறார்கள். கட்டணம் கிடையாது. எக்செல் போன்ற மென்பொருளில் அட்டவணையாகத் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இதைப் பயன்படுத்தும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். போரில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இதில் விடை இல்லை. ஆவணப்படுத்தப்பட்ட பொதுமக்கள் மரணம் சுமார் 1,87,000 முதல் 2,10,000 வரை என்று தளம் காட்டினால், இதற்குக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை என்று பொருள். உண்மையான தொகை இதைவிட அதிகம். ஆனால் மாதத்துக்கு மாதம், ஊருக்கு ஊர் நிலைமை எப்படி மாறியது என்று பார்க்க, ஈராக்கைப் பொறுத்தவரை இதற்கு இணையான பொதுத் தரவு வேறில்லை. அந்த வேலைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு நிகழ்வு. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, நேரம், இடம், இலக்கு, ஆயுதம், குறைந்தபட்ச மரணம், அதிகபட்ச மரணம், ஆதாரம் என்று நெடுவரிசைகள் இருக்கும். பலரும் முதல் தவறைச் செய்வது இந்தத் தேதிகளில்தான். தொடங்கிய தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு நாள் வாரியாக, வார வாரியாகக் கூட்டிவிடுகிறார்கள். சில வரிகள் ஒரே நாள் நிகழ்வுகள் அல்ல. பாக்தாத் பிணவறைக்கு ஒரு மாதத்தில் வந்த உடல்களில் தனி நிகழ்வாக ஏற்கெனவே பதிவானவற்றைக் கழித்து, மிச்சத்தை ஒரே வரியாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியில் பல நூறு மரணங்கள் இருக்கலாம். தேதி 1 முதல் 31 வரை இருக்கும். வார வரைபடம் போடுபவருக்கு அத்தனை பேரும் மாதத்தின் முதல் நாளில் இறந்ததுபோலத் தெரியும். மாதம் தொடங்கும்போதெல்லாம் வன்முறை வெடித்தது என்ற இல்லாத ஒரு போக்கு உருவாகிவிடும்.

இதைச் சரிசெய்ய, முடிந்த தேதியிலிருந்து தொடங்கிய தேதியைக் கழித்து 1 கூட்டி, ‘நீளம்’ என்று ஒரு நெடுவரிசையை உருவாக்குங்கள். நீளம் 3 நாளுக்கு மேற்பட்ட வரிகளைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள். தினசரி, வார வரைபடங்களுக்கு மிச்சமுள்ளவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். மாத, ஆண்டுக் கூட்டலுக்கு இரண்டையும் சேர்க்க வேண்டும். அங்கே பிணவறை வரிகளை விட்டுவிட்டால் 2006-இன் பாக்தாத் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கடத்திக் கொன்று தெருவில் எறியப்பட்டவர்களில் பலர் அந்த வரிகளில்தான் இருக்கிறார்கள். எந்த ஆயுதம் எவ்வளவு பேரைக் கொன்றது என்ற கேள்விக்கு மறுபடியும் தனி நிகழ்வுகள் மட்டும் போதும். 2009 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்தத் தரவைக் கொண்டு வந்த ஆய்வு அப்படித்தான் செய்தது. முதல் ஐந்து ஆண்டுகளில் பதிவான 92,614 மரணங்களில் நீண்ட சண்டைகளையும் மொத்தப் பிணவறைக் கணக்கையும் விலக்கி 60,481-ஐ மட்டும் எடுத்தது. அதில் 33 சதவீதம் பேர் பிடித்துச் சென்று கொல்லப்பட்டவர்கள். துப்பாக்கிச் சூட்டில் 20 சதவீதம், தற்கொலைக் குண்டுகளில் 14 சதவீதம். தொலைக்காட்சியில் கார் குண்டுகளையே பார்த்தவர்களுக்கு இந்த வரிசை எதிர்பாராததாக இருக்கும்.

குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவை புள்ளியியலில் வரும் நம்பக இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) அல்ல. ஒரே சம்பவத்துக்கு ஒரு செய்தி 18 என்றும் மற்றொன்று 23 என்றும் சொன்னால், அந்த வேறுபாடுதான் இங்கே பதிவாகிறது. செய்தியே வராத மரணங்கள் இந்த இடைவெளிக்குள் இல்லை. ஆகவே இரண்டுக்கும் சராசரி எடுப்பதில் பொருள் இல்லை. தொடர் முழுக்கக் குறைந்தபட்சத்தையோ அதிகபட்சத்தையோ ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். 2007 ஆகஸ்ட் 14 அன்று சிஞ்சார் பகுதியில் யாசிதி என்ற சிறுபான்மை மத மக்களின் ஊர்களில் வெடித்த லாரிக் குண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் செய்திகளில் 200-க்குள் இருந்த எண், பின்னர் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இணையான செம்பிறைச் சங்கத்தின் கணக்கில் 500 அளவுக்குப் போனது. இப்படி ஒரே ஒரு நிகழ்வு அந்த மாகாணத்தின் ஆண்டு வரைகோட்டையே வளைத்துவிடும். அதனால் மரண எண்ணிக்கைக்கு ஒரு கோடு, நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கோடு என்று இரண்டையும் தனித்தனியே வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் வன்முறை பரவுகிறது. மரணம் மட்டும் ஏறினால் தாக்குதலின் அளவு பெருகுகிறது. இவ்விரண்டின் காரணங்களும் வேறு.

‘பொதுமக்கள்’ என்ற வகைக்குள் சாதாரணக் காவலர்களும் அடக்கம். ராணுவத்தினர் இல்லை. கிளர்ச்சியாளர்கள் காவல் நிலையங்களையும் ஆள்சேர்ப்பு வரிசைகளையும் குறிவைத்த காலத்தில் இந்த வரையறை முடிவையே மாற்றும். இலக்கு நெடுவரிசையில் காவல்துறை என்று வருபவற்றைத் தனியாகக் குறித்து, அவற்றோடும் அவை இல்லாமலும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். நீண்ட நகரச் சண்டைகளில் இன்னும் சிக்கல். 2004 ஏப்ரலில் ஃபல்லூஜாவில் இறந்ததாகச் சொல்லப்பட்ட சுமார் 800 பேரில் 572 முதல் 616 பேர் வரை பொதுமக்கள் என்று இந்தக் குழுவே பகுத்துச் சொன்னது. அந்தப் பகுப்பின் வழிமுறையை வெளியிட்டதும் அவர்கள்தான். போர்க்காலத்தில் எண் வெளியிடும் அமைப்புகளில் இந்த வெளிப்படைத்தன்மை அரிது.

இடப்பெயர்களில் வேலை அதிகம். ஒரே ஊர் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டலில் வரும்; பகூபா ஓர் உதாரணம். முதலில் அப்போதைய 18 மாகாணங்களுக்கு ஒரு பொருத்தப் பட்டியல் செய்துகொண்டு, பிறகு பிவட் டேபிள் (வகை வாரியாகக் கூட்டித் தரும் அட்டவணை) போடுங்கள். எக்செலில் நேரடியாகத் திறந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு: 12-ஆம் தேதி வரை நமக்குத் தெரியாமலே மாறிவிட்டு, 13 முதல் தேதியாக மாறாமல் எழுத்தாக நின்றுவிடும். தேதி நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்து இறக்குமதி செய்து, பிறகு மாற்றுவதே பாதுகாப்பு.

அடுத்தது, பருவக் கணக்கு. பொருளாதாரத் தரவுகளுக்குச் செய்வதுபோல ஆங்கில மாதங்களை வைத்துப் பருவத் திருத்தம் (ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பது) செய்யாதீர்கள். ஈராக்கில் தாக்குதல்களின் நாட்காட்டி பெரும்பாலும் ரமலானையும், ஷியாக்களின் துக்க நாளான ஆஷூராவையும், கர்பலாவுக்கு மக்கள் நடந்துபோகும் அர்பயீனையும் ஒட்டியது. இவை சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்பவை. 2003-இல் அக்டோபர் இறுதியில் தொடங்கிய ரமலான், 2007-இல் செப்டம்பர் நடுவிலேயே வந்துவிட்டது. மூன்று மாத நகரும் சராசரி எடுத்து, அந்த நாட்களை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவது போதும்.

இப்படிச் சுத்தம் செய்தபின் கிடைக்கும் படம் கனமானது. 2006-இல் சுமார் 29,500 மரணங்கள், 2007-இல் 26,000, 2008-இல் 10,000 அளவு. 2006 ஜூலையில் மட்டும் 3,300 பேர். 2006 பிப்ரவரி 22 அன்று சாமர்ராவில் ஷியாக்களின் புனிதத் தலமான அஸ்கரி மசூதி தகர்க்கப்பட்ட பிறகு கோடு செங்குத்தாக ஏறுவதும், 2007 இறுதிக்குள் மாதம் 1,000 அளவுக்கு இறங்குவதும் கண்ணால் பார்க்கலாம். பிறகு இஸ்லாமிய அரசு (ஐ.எஸ்.) அமைப்பு மோசூலைப் பிடித்த 2014-இல் மறுபடியும் 20,000.

இறக்கத்துக்குக் காரணம் என்ன என்று இந்தத் தரவு மட்டும் சொல்லாது. 2006 செப்டம்பரில் அன்பார் பழங்குடியினர் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது, 2007 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கூடுதல் படைகள், அதே ஆண்டு ஆகஸ்ட் 29-இல் ஆயுதக் குழு வைத்திருந்த ஷியா மதகுரு சதர் அறிவித்த போர்நிறுத்தம், பாக்தாத் குடியிருப்புகள் சன்னி, ஷியா என்று ஏற்கெனவே பிரிந்துபோய்விட்டது எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தவை. மாவட்ட வாரியாக, நிகழ்வின் தேதியோடு பார்க்காமல் ஒரே காரணத்தைத் தூக்கிப்பிடிக்கும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

அமெரிக்கப் படையினரின் மரணத்துக்கு ஐகேஷுவல்டீஸ் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே மாதத்தில் உச்சம் தொடவில்லை. பொதுமக்கள் மரணம் 2006-இன் பிற்பாதியில் உச்சத்தில் இருக்க, படையினருக்கு மிக மோசமான ஆண்டு 2007. அந்த மே மாதத்தில் மட்டும் 126 பேர். பெரிய முகாம்களை விட்டுக் குடியிருப்புகளுக்குள் படை நுழைந்தபோது அவர்களின் இழப்பு கூடியது. படையினரின் மரணத்தை மட்டும் வைத்து ‘போர் மோசமாகிறது’ என்று எழுதுவதும், பொதுமக்கள் எண்ணை மட்டும் வைத்து ‘தணிகிறது’ என்று எழுதுவதும் ஒரே மாதிரி குறையுள்ளவை.

கிளர்ச்சித் தாக்குதல்களையே எண்ண விரும்புபவருக்கு இந்தத் தளம் போதாது. யாரும் சாகாத தாக்குதல் இதில் இடம்பெறாது. அதற்கு அமெரிக்கப் படைப்பிரிவுகள் களத்திலிருந்து அனுப்பிய சிக்ஆக்ட் அறிக்கைகள் வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மோதல் ஆய்வுத் திட்டம் 2004 பிப்ரவரி முதல் 2009 பிப்ரவரி வரையிலானவற்றை ஆய்வுக்கு ஏற்ற வடிவில் தருகிறது. அதிலும் பெரிய ஓட்டை உண்டு. 2006 டிசம்பரில் வந்த, அமெரிக்காவின் இரு கட்சியினரும் இருந்த ஈராக் ஆய்வுக் குழுவின் அறிக்கை, அந்த ஆண்டு ஜூலையில் ஒரே நாளில் 93 தாக்குதல்கள் என்று பதிவானதை மறுபடி சோதித்தபோது 1,100 வன்முறைச் செயல்கள் தெரியவந்ததாகச் சொன்னது. அமெரிக்கர் யாரும் காயப்படாத சாலையோரக் குண்டு கணக்கில் வரவில்லை. யார் செய்தது என்று தெரியாத சன்னி, ஷியா மதப்பிரிவுக் கொலையும் வரவில்லை. 2009 ஜூன் இறுதியில் படைகள் நகரங்களை விட்டு விலகிய பிறகு பார்க்கும் கண்களே குறைந்துவிட்டன. அதன்பின் வரும் இறக்கத்தில் ஒரு பகுதி பதிவின் இறக்கம்.

2010 அக்டோபர் 22 அன்று ரகசிய ஆவணங்களைக் கசியவிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட 3,91,832 அமெரிக்கப் படைக் களப் பதிவுகள் இந்தத் தளத்துக்கே ஒரு பரிசோதனையாக அமைந்தன. அவற்றில் 1,09,032 மரணங்கள். அதில் 66,081 பேர் பொதுமக்கள் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஈராக் பாடி கவுண்ட், தன் கணக்கில் இல்லாத பொதுமக்கள் மரணம் சுமார் 15,000 அங்கே இருக்கலாம் என்று தானே மதிப்பிட்டு வெளியிட்டது. விட்டுப்போனவை பெரும்பாலும் ஓரிருவர் இறந்த சிறு சம்பவங்கள். செய்தியாளர் போக முடியாத இடத்தில் நடந்த ஒற்றைக் கொலை பத்திரிகையில் வராது. பாக்தாத்தையும் தொலைதூர மாகாணத்தையும் எண்ணுக்கு எண் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

மொத்த மரணத்துக்குக் குடும்பக் கணக்கெடுப்புகள்தான் வழி. உலக சுகாதார நிறுவனமும் ஈராக் அரசும் நடத்திய கணக்கெடுப்பு, 2006 ஜூன் வரை வன்முறை மரணம் 1,51,000 என்றது. இடைவெளி 1,04,000 முதல் 2,23,000 வரை. அதே காலத்துக்கு ஈராக் பாடி கவுண்டில் இருந்தது சுமார் 47,000. லான்செட் மருத்துவ இதழில் 2006-இல் வந்த ஆய்வு ஆறு லட்சத்துக்கு மேல் போனது. அது கடும் விவாதத்துக்கு உள்ளானது. கணக்கெடுப்பு எண்ணையும் இந்தத் தள எண்ணையும் ஒரே கோட்டில் ஒட்டாதீர்கள். ‘மூன்றால் பெருக்கினால் உண்மை கிடைக்கும்’ என்ற குறுக்குவழியும் வேண்டாம். விடுபடும் விகிதம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. உப்சாலா பல்கலைக்கழகத்தின் நிகழ்வுத் தரவு நேர்த்தியானது. இடத்துக்கும் தேதிக்கும் துல்லியக் குறியீடு தருவது அதன் பெரிய பலம். ஆனால் தாக்கியது எந்த அமைப்பு என்று தெரிய வேண்டும் என்பதால், உரிமை கோரப்படாத கொலைகள் நிறைந்த 2006 பாக்தாத் அதில் மிகவும் சிறுத்துத் தெரியும். மோதல் நிகழ்வுகளைப் பதியும் ஏக்லெட் தரவுத்தளம் ஈராக்குக்கு 2016-இலிருந்துதான் தொடங்குகிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தில் சேகரிக்கும் குழுவே 2008 ஏப்ரலிலும் 2011 நவம்பரிலும் மாறியது. அந்த இடங்களைத் தாண்டி ஈராக் கோட்டை நீட்டினால், வன்முறை மாறியதா சேகரிப்பு மாறியதா என்று பிரிக்க முடியாது. காயமடைந்தோர் எண்ணுக்கு ஈராக்குக்கான ஐ.நா. தூதுக்குழுவான யுனாமியின் அறிக்கைகளைப் பாருங்கள். 2006-க்கு 34,452 பேர் இறந்தனர், 36,685 பேர் காயமடைந்தனர் என்று அது சொன்னது. மறு ஆண்டே ஈராக் அரசு எண்களைத் தர மறுத்ததால் அந்தத் தொடர் அறுந்தது.

தளத்தில் இறந்தவர்களின் பெயர், வயது, பாலினம், தொழில் கொண்ட தனிநபர் பட்டியலும் இருக்கிறது. இவர்கள் நிகழ்வுப் பட்டியலில் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பாகும். பெயர் தெரிந்தவர்கள் மொத்தத்தில் சிறு பகுதி என்பதால் இதை வைத்து வயது விகிதம் கணக்கிடுவதும் சரியாக வராது. ஆனாலும் வேலையைத் தொடங்கும் முன் இந்தப் பட்டியலைச் சில பக்கமாவது படித்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறோம். ‘குறைந்தபட்சம் 1’ என்ற கட்டத்தில் இருப்பது யார் என்று தெரிந்து வேலை செய்பவர், வரியை நீக்கும்போது கூடுதல் கவனத்தோடு நீக்குவார்.

அண்மைய ஆண்டுகளின் எண்கள் தற்காலிகமானவை. பழைய வரிகளும் புதிய ஆதாரம் கிடைக்கும்போது திருத்தப்படுகின்றன. ஆகவே இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, மூலப் பிரதியைத் தொடாமல் வையுங்கள். வரைபடத்துக்குக் கீழே அந்தத் தேதி, குறைந்தபட்சமா அதிகபட்சமா என்பது, நீளமான வரிகளைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பது ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள்.