மடக்குக் கத்தி: கடையில் வாங்கியவையும் இணையத்தில் வந்தவையும்

வன்னியில் மடக்குக் கத்திக்கு நாள் முழுவதும் வேலை உண்டு. உரப்பையின் தையல் நூலை அறுக்கவும், சொட்டுநீர்க் குழாயைத் துண்டாக்கவும், எலுமிச்சையிலும் மாவிலும் ஒட்டுக் கட்டும்போது தண்டைச் சீவவும், மின்கம்பியின் மேலுறையை உரிக்கவும், கரைக்கு வந்த வலையில் சிக்கிய நைலோன் நூலை வெட்டவும் அது வேண்டும். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் தோட்டமும் சிறு திருத்த வேலைகளும் செய்து வருபவன் என்பதால், பல ஆண்டுகளாக என் காற்சட்டைப் பையில் ஏதாவது ஒரு மடக்குக் கத்தி இருந்துகொண்டே வந்திருக்கிறது. அவற்றிற் சிலவற்றை முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் வாங்கினேன். வேறு சில கூரியர் பொதியில் வந்தவை. பெயர் தெரியாத கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதும், பெயரும் மாதிரியும் ஐயமின்றித் தெரிந்த கத்தி நம் ஊர்க் கடையில் இல்லாதவிடத்து அதை இணையவழியில் எடுப்பதே நல்லது என்பதும் இத்தனை கால உழைப்பில் நான் வந்தடைந்த முடிவு.

முதலில் கடைகளைப் பற்றிச் சொல்கிறேன். மடக்குக் கத்திக்கென்று தனிக்கடை எங்கும் இல்லை. இரும்புச் சாமான் கடைகளின் கண்ணாடி அலுமாரியிலும், மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளிலும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் போன்ற திருவிழாக்களின்போது போடப்படும் தற்காலிகக் கடைகளிலும் அவை கிடைக்கும். பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. பெட்டியில் ஒரு பெயரும் அலகில் இன்னொரு பெயரும் இருப்பது வழக்கம். ஆயினும் கடையில் கிடைக்கும் ஒரு வசதி வேறெங்கும் கிடைக்காது: ஒரே மாதிரியில் நாலைந்தை எடுத்துவைத்து அங்கேயே சோதித்து, அவற்றுள் நல்லதைத் தெரிந்தெடுக்கலாம். மலிவான கத்திகளில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஒரே பெட்டியில் வந்தவற்றில் ஒன்றின் அலகு நடுவாக மடங்கும், இன்னொன்றின் அலகு பக்கத் தகட்டில் உரசும்.

கத்தியைக் கையில் எடுத்ததும் அலகை முழுவதும் விரித்து, நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். புதுக் கத்தியிலேயே ஆட்டம் தெரிந்தால், வேலைக்குப் போன பின் அது கூடுமேயன்றிக் குறையாது. பிறகு மடக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் இறங்குகிறதா, நுனி பிடிக்குள் முழுவதும் மறைகிறதா என்று பார்ப்பேன். நுனி சற்று வெளியே நின்றாலும் காற்சட்டைப் பை கிழியும்; கையை உள்ளே விடும்போது விரலும் வெட்டுப்படும். அடுத்தது பூட்டு. உள்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் வகையானால், அது அலகின் அடிப்பகுதியை எவ்வளவு தூரம் மூடுகிறது என்பது முக்கியம். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் பூட்டு, அழுத்தி வெட்டும் வேளையில் வழுக்கி அலகை விரல்மேல் மடக்கிவிடும். இவ்வளவையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நான் போய்வரும் கடைகளில் எவரும் இதற்கு முகம் சுளித்ததில்லை.

ஆனால் கையால் அறிய முடியாத ஒன்று உண்டு; அதுதான் உருக்கு. அலகு எந்த உருக்கால் ஆனது, எவ்வளவு வன்மைக்குச் சூடேற்றித் தோய்க்கப்பட்டது என்பதே கத்தியின் உயிர்நிலை. கடையில் அதைச் சொல்ல யாராலும் முடிவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு தவறான நம்பிக்கை நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. நல்ல கத்தி ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கையில் வைத்திருந்தபோது, கடைக்காரர் ஒருவர் சிறு காந்தத்தை அதன் அலகில் ஒட்டிக் காட்டி, “காந்தம் பிடிக்குது தம்பி, இது சரியான ஸ்ரெயின்லஸ் இல்லை, மற்றதை எடுங்கோ” என்றார். அவர் என்மேல் அக்கறையுடன்தான் சொன்னார். எனினும் உண்மை இதற்கு நேர்மாறானது. கரண்டியும் கோப்பையும் செய்யப் பயன்படும், ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த உருக்கில்தான் காந்தம் ஒட்டுவதில்லை. அந்த உருக்கைச் சூடேற்றித் தோய்த்து வன்மையாக்க இயலாது. ஆகவே அதில் செய்த அலகு கூர் நிற்காது. கத்திக்குரிய ஸ்ரெயின்லஸ் உருக்கில் குரோமியம் 13 சதவீதம் அல்லது அதற்கு மேலும், கரிமம் போதிய அளவும் இருக்கும். அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தம் ஒட்டுவதால் மட்டும் கத்தி நல்லதாகிவிடாது, ஏனெனில் வன்மையாகாத வேறு உருக்குகளிலும் காந்தம் ஒட்டும். ஆனால் காந்தம் ஒட்டாத அலகை வாங்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இணையவழி விற்பனையின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே உருக்கின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரைப் படித்தறியத் தெரிந்தவருக்கு அது பெரும் உதவி. 3சிஆர்13 என்றால் கரிமம் 0.3 சதவீத அளவில் உள்ள மென்மையான உருக்கு. கறள் எளிதில் பிடிக்காது, கூரும் நெடுநேரம் நிற்காது. 8சிஆர்13எம்ஓவி என்றால் கரிமம் 0.8 சதவீத அளவில் இருக்கும். விலைக்கு மிகவும் தகுந்த உருக்கு அது. 440 என்று எண்ணை மட்டும் எழுதி, ஏ, பி, சி என்ற எழுத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அதை 440சி என்று எண்ணிவிடக் கூடாது. கரிமம் 1 சதவீத அளவில் உள்ள 440சி-யைப் பயன்படுத்தியவர் அந்த எழுத்தை மறக்காமல் போடுவார். டி2 கூர் நெடுநாள் நிற்கும் உருக்கு. ஆனால் குரோமியம் 12 சதவீத அளவிலேயே இருப்பதாலும், அதிலும் பெரும்பங்கு கரிமத்தோடு சேர்ந்துவிடுவதாலும், முல்லைத்தீவுக் கடற்காற்றில் துடைக்காமல் விட்டால் அதில் புள்ளி புள்ளியாகக் கறள் ஏறும். தோட்டக்காரருக்கு அது பொருந்தும், கரைவலைக்காரருக்குப் பொருந்தாது. மிக மலிவான விலையில் ‘டமஸ்கஸ்’ என்று போட்டு, அலகில் அலையலையாக வரி காட்டும் கத்திகளை நம்ப வேண்டாம். பல அடுக்கு உருக்கை அடித்து ஒட்டிச் செய்யும் வேலை அந்த விலைக்குக் கட்டாது. அந்த வரி மேற்பரப்பில் பொறித்த படம் மட்டுமே, சில முறை தீட்டினால் ஓரத்தில் அழிந்துபோகும்.

எழுதப்பட்ட பெயர் உண்மையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதனால்தான் பெயர்பெற்ற தயாரிப்பாளரின் குறிப்பிட்ட மாதிரியை மட்டும் இணையவழியில் எடுக்கச் சொல்கிறேன். என்னிடம் நெடுங்காலம் உழைத்துவருவது விக்டோரினொக்ஸின் 91 மில்லிமீற்றர் அளவுக் கத்தி. 1884இல் கார்ல் எல்செனர் சுவிற்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. இன்று உலகம் அறிந்த சிவப்புப் பிடிக் கத்தியின் மூல வடிவத்தை 1897இல் பதிவுசெய்தார்கள். உருக்கின் வன்மையைக் குறிக்கும் ரொக்வெல் அளவில் அதன் அலகு 56 வரைதான். அதைவிட வன்மையான கத்திகள் ஏராளம் உண்டு. ஆனால் நமக்கு அந்த அளவு நன்மையே. மொட்டையானால் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள மெருகில்லாத விளிம்பில் சில தடவை இழுத்தாலே கூர் திரும்பிவிடும். மழைக்காலத்திலும் மீன் வெட்டிய பின்னும் கழுவித் துடைத்து வந்ததில் என் கத்தியின் அலகில் கறள் இல்லை. அதன் குறையையும் சொல்ல வேண்டும்: அந்த அளவுக் கத்தியின் அலகில் பூட்டு இல்லை, பிடியின் முதுகிலுள்ள வில்லுத் தகட்டின் அழுத்தம் மட்டுமே உண்டு. குத்தித் துளைக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

இந்தக் கத்திக்குப் போலிகள் மிகுதி. அலகின் அடியில் பொறித்துள்ள எழுத்துத் தெளிவாக இருக்கிறதா, பிடியில் உள்ள சிலுவைக் கேடயம் பிசகாமல் பதிக்கப்பட்டிருக்கிறதா, ஒவ்வொரு கருவியும் இழுத்துத் திறக்கும்போது உறுதியான ஓசையுடன் நிலைக்கு வருகிறதா என்று பொதி வந்த அன்றே பார்க்க வேண்டும். இன்னொரு குறிப்பு: வெங்கர் என்ற மற்றைய சுவிஸ் தயாரிப்பாளரை விக்டோரினொக்ஸ் 2005இல் வாங்கியது, 2013இல் வெங்கர் பெயரில் கத்தி செய்வது நின்றுவிட்டது. ஆகவே ‘இவ்வாண்டின் புதிய வெங்கர் கத்தி’ என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

மரப்பிடிக் கத்தியை விரும்புவோர் பலர் இருப்பதால் ஒப்பினெல் பற்றியும் எழுதுகிறேன். பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய எளிய கத்தி அது. அளவுக்கேற்ப இலக்கமிட்டு வரும் அவற்றில் 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர், 1955இல் சேர்க்கப்பட்ட சுழல் வளையம் அலகைப் பூட்டுகிறது. மெல்லிய அலகு என்பதால் ஒட்டுக் கட்டத் தண்டைச் சீவுவதற்கு இதைவிடச் சுகமான கத்தியை நான் பிடித்ததில்லை. ஆனால் ஐப்பசியில் மழை தொடங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதி, அலகு பிடிக்குள்ளே இறுகிவிடுகிறது. நகத்தால் இழுத்துத் திறக்க முடியாமற் போன நாட்கள் உண்டு. கோடையில் பிடியை நன்றாக உலர்த்தி, ஆளி விதை எண்ணெயை மரத்தில் ஊறவிட்ட பின் இந்தத் தொல்லை குறைந்தது, முற்றாக நீங்கவில்லை. கரிம உருக்கு அலகை எடுத்தால் எலுமிச்சை, மாங்காய்ப் பால் பட்டவுடன் கறுக்கும். அந்தக் கறுப்புத் தீங்கானதன்று, செங்கறள்தான் தீங்கு. கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்ரெயின்லஸ் அலகுள்ளதையே எடுக்கட்டும்.

பெயர் அறியாத கத்தியை இணையத்தில் வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் என்னிடம் சான்று உண்டு. விளம்பரத்தில் உறுதியான பூட்டு என்றும், கையடக்கமான பெரிய கத்தி என்றும் காட்டப்பட்ட ஒன்றை ஒரு விற்பனையாளரிடமிருந்து எடுத்தேன். வந்தது படத்தில் தோன்றியதைவிடச் சிறியது. விளம்பரத்தில் இருந்த நீளம் விரித்த முழுநீளம், அலகின் நீளம் அன்று. அது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஆனால் பூட்டுத் தகடு அலகின் ஓரத்தை மட்டுமே தொட்டது. மரக்குற்றியில் முதுகுப்புறத்தை மெதுவாகத் தட்டியதும் அலகு மடங்கிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே வேலைக்கு எடுத்திருந்தால் ஒரு விரலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. திருப்பி அனுப்பப் படமெடுத்து, எழுதி, பொதி கட்டி, ஊருக்குள் வராத கூரியர் வண்டியைத் தேடிச் சந்திக்குப் போய்க் கொடுத்து, பணம் திரும்பும்வரை காத்திருந்த அலைச்சல் அந்தக் கத்தியின் விலைக்கு மேலானது. கடையில் வாங்கியதில் குறை கண்டால் மறுநாள் போய் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரருக்கு நம்மைத் தெரியும், நமக்கும் அவரைத் தெரியும்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. 2022இல் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்குத் தாவியபோது இறக்குமதிக் கத்தி எல்லாமே ஏறியது. அதன் பின் கடைக்கும் இணையத்துக்கும் இடையே மலிவுக் கத்திகளில் பெரிய விலை வேறுபாட்டை நான் காணவில்லை. அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.

திருத்த வேலையில் நம் பகுதிக்கு ஒரு பலம் இருக்கிறது, அது கம்மாலை. லொறி வில்லுத் தகட்டில் கத்தியும் கோடரியும் அடிக்கும் கொல்லருக்கு, தளர்ந்த ஆணியை இறுக்கித் தட்டிக் கொடுப்பதும் உடைந்த ஆணியை மாற்றுவதும் சிறு வேலை. கடையில் வாங்கிய மலிவுக் கத்தி ஒன்று இவ்வாறு கம்மாலைக்குப் போய்வந்து இன்னும் தோட்டத்தில் உழைக்கிறது. ஆனால் அலகைச் சாணைச் சக்கரத்தில் பிடிக்க மட்டும் கொடுக்காதீர்கள். மெல்லிய மடக்குக் கத்தி அந்தச் சூட்டில் நீலம் பாய்ந்து, தோய்ச்சல் கெட்டு, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காமற் போகும். நீர் தெளித்த தீட்டுக் கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சரிவில், கையாலேயே தீட்ட வேண்டும். கீலுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

எனவே தோட்டத்துக்கு மலிவாக ஒன்று வேண்டும் என்பவர் ஊர்க் கடைக்கே போய், பொறுமையாகத் தெரிந்தெடுக்கட்டும். நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்பவர் மாதிரிப் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, முதலில் வவுனியாக் கடைகளில் கேட்டு, இல்லையென்றால் மட்டும் இணையவழியில் எடுக்கட்டும். உருக்கின் பெயர் தெரிந்த கத்திகளில் ஓரிரண்டையாவது நம் கடைக்காரர்கள் தருவித்து வைத்தால், இவ்வாறு இணையவழியில் தேட வேண்டியிராது. நான் வழமையாகப் போகும் கடையில் இதைச் சொல்லி, என் கத்திகளைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். கடைக்காரர் மாதிரிப் பெயர்களைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார்.