ஊசியா, லீவா, ஜன்னலா? ஃப்ளூவை வகுப்பிலும் ஆபீசிலும் நிறுத்துவது எது

காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. ஒரு வேளை பாரசிட்டமால் சிரப் உள்ளே போனதும் சூடு இறங்க, யூனிஃபார்ம் மாட்டி அனுப்பியாகிவிட்டது. மருந்தின் வேகம் நாலைந்து மணி நேரம்தான். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பிள்ளை டெஸ்கில் தலை சாய்த்துக் கிடக்கும். அது இருமிய காற்றைத்தான் பக்கத்து பெஞ்சும் சுவாசிக்கும். ஆபீசிலும் இதே கதைதான், சிரப்புக்குப் பதில் மாத்திரை.

இதற்கு நேரடி மருந்து, வீட்டிலேயே இருப்பது. மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு வரலாம் என்பது பல இடங்களில் உள்ள விதி. ஜப்பான் பள்ளிகளில் கெடுபிடி அதிகம்: நோய் தொடங்கி 5 நாள் கழிய வேண்டும், காய்ச்சல் விட்டும் 2 நாள் ஆக வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் கிருமியை அதிக நாள் பரப்புவார்கள் என்பதால், பள்ளிக்கு ஜப்பான் கணக்கே சரி என்பேன். ஆனால் இந்த வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளே கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு நாளுக்கு லீவு எழுத யாராலும் முடியாது.

அந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைப்பது தடுப்பூசி. கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சுற்றும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினாலும், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம்தான் குறைகிறது. எந்த வகை வைரஸைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. ஊசி தயாராகி வருவதற்குள் வைரஸ் உருமாறியிருக்கலாம். போட்டபின் பலன் தெரிய இரண்டு வாரம் வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் இரும ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்ப் போட்டால் அந்த இருமலுக்கு உதவாது.

இத்தனை குறையோடும் பள்ளிக்கு ஊசியையே முதலில் வைப்பேன். காரணம் ஜப்பானின் பழைய அனுபவம். அங்கே 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 1987இல் பெற்றோர் வேண்டாம் என்று சொல்ல அனுமதி கிடைத்தது. 1994இல் திட்டமே நின்றது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் குளிர்கால மரணங்கள் குறைந்திருந்ததையும், நிறுத்திய பிறகு ஏறியதையும் 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். குத்தியது பேரன் கையில், காப்பாற்றியது தாத்தாவை. ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் உண்டு. பிரிட்டன் 2013 முதல் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வருகிறது.

ஆபீஸ் கணக்கு வேறு. அங்கே என் ஓட்டு சம்பளத்தோடு கூடிய லீவுக்கு. ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் பிடிக்கும் இடத்தில், ‘காய்ச்சல் இருந்தால் வராதீர்கள்’ என்ற சர்க்குலர் வெறும் காகிதம். பள்ளியில் காய்ச்சலோடு வராமல் இருப்பதைக் கெடுப்பது நூறு சதவீத வருகைக்குக் கொடுக்கும் பரிசு. ஒரு கையால் சானிடைசர் நீட்டி, மறு கையால் கோப்பை கொடுப்பதை என்னவென்று சொல்ல!

சானிடைசர் என்றதும் கையைப் பற்றி. சோப்பானாலும் 60 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசரானாலும் ஃப்ளூ வைரஸைச் செயலிழக்க வைக்கும். கை அழுக்காக இருந்தால் சோப்புதான் சரி. பிளாஸ்டிக், ஸ்டீல் பரப்பில் வைரஸ் ஒன்றிரண்டு நாள் தாங்கும், கையில் சில நிமிடங்கள்தான். இருந்தும் கை கழுவுவதால் ஃப்ளூ எவ்வளவு குறைகிறது என்பதற்கான சான்று எதிர்பார்த்த அளவுக்கு வலுவாக இல்லை. மூச்சுக்காற்று வழியாகவும் வருவதைக் கை கழுவித் தடுக்க முடியாதே. கழுவட்டும், வயிற்றுப்போக்காவது குறையும். தினமும் மேசைகளுக்கு மருந்தடிக்கும் செலவைத்தான் நான் முதலில் வெட்டுவேன்.

அந்தப் பணம் ஜன்னலுக்குப் போகலாம். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவியை மீட்டிங் அறையில் வைத்துப் பாருங்கள். திறந்தவெளியில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) சுமாருக்குக் காட்டுவது, பத்துப் பேர் கதவை மூடி உட்கார்ந்தால் மளமளவென்று 1000 தாண்டும். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று அர்த்தம். ஜன்னலே இல்லாத அறையென்றால் ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைக்கலாம். முகக்கவசமும் உதவும், அதிலும் இருமுகிறவர் போட்டால் கூடுதல் பலன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் முகக்கவசம் பத்து நிமிடத்தில் தாடைக்கு இறங்கிவிடும்.

பள்ளியையே மூடுவது கடைசி ஆயுதம். பெரும்பாலும் பாதி வகுப்பு படுத்த பிறகுதான் அந்த முடிவு வருகிறது. அதற்குள் கிருமி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூட வேண்டிய நிலை வந்தால், காய்ச்சல் கூடும் வகுப்பை மட்டும் சீக்கிரமே சில நாள் மூடலாம். அப்படிச் செய்தால் வேலைக்குப் போகும் அத்தனை பெற்றோரும் ஒரே நாளில் லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை.