ஃபேனைக் கழற்றிவிட்டு 'ஃபேன்லெஸ்' என்று தலையில் கட்டுகிறார்கள்: ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் கவனிக்கவும்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 'ஃபேன்லெஸ் சிபியூ கூலர், 95 வாட்' (ஃபேன் இல்லாமலே கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கருவியாம்) என்று ஸ்டிக்கர் ஒட்டிய கருப்புப் பெட்டி ஒன்றை 6,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஃபேனோடு விற்க வேண்டிய சாதாரண டவர் கூலர், அதாவது கோபுரம் மாதிரி நிற்கும் உலோகத் தகடுகளின் அடுக்கு. ஃபேனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை, ஃபேனோடு விற்றால் கிடைப்பதைவிட அதிக விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் வாங்கி, ஓட்டிப் பார்த்து, சண்டையும் போட்டாயிற்று. வழக்கு நடப்பதால் கடை பெயரைப் போடவில்லை.

வீட்டில் குரல் பதிவு செய்து பிழைப்பவன் நான். மைக்கை ஆன் செய்வதற்கு முன் ஏ.சி., சீலிங் ஃபேன் இரண்டையும் நிறுத்திவிடுவேன். அப்போது அறையில் மிஞ்சும் ஒரே இரைச்சல் கம்ப்யூட்டருடையதுதான். இதைக் கடையில் முதலிலேயே தெளிவாகச் சொன்னேன். ஐ5-12400 ப்ராசஸர், மே மாதத்தில் அறை 35 டிகிரி போகும், ஒரு மணி நேர ஆடியோவைச் சுத்தம் செய்து இறுதிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று எல்லாமே சொன்னேன். "ஜெர்மன் டெக்னாலஜி சார், 95 வாட் வரைக்கும் அசையாது, உங்களுதே வெறும் 65 வாட்தானே" என்றார் கடைக்காரத் தம்பி.

அந்த 65 வாட் என்பதே பாதி உண்மை. இன்டெல் அந்த ப்ராசஸருக்குப் போட்டிருக்கும் அடிப்படை அளவு 65 வாட். டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானாக வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 117 வாட் வரை இழுக்கும். பல மதர்போர்டுகள் அந்த டர்போவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட விட்டுவிடும். கூலர் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அங்கேயே என் கம்ப்யூட்டரில் மாட்டி டெமோ காட்டினார்கள். திரையில் 39 டிகிரி. ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், 39தான். ஏன் ஏறாது என்று சொல்கிறேன். கடையில் ஏ.சி. ஓடுகிறது. கம்ப்யூட்டர் சும்மா டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அப்போது ப்ராசஸர் சில வாட்தான் எடுக்கும். அது போதாதென்று இவ்வளவு உலோகம் சூடாகவும் நேரம் வேண்டும். வீட்டில் எடை போட்டபோது அந்த ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) 640 கிராம். அலுமினியத்தை ஒரு கிராம் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.9 ஜூல் வேண்டும். 50 வாட்டை முழுசாக அதில் கொட்டி, ஒரு துளி வெப்பமும் வெளியே போகாவிட்டாலும் நிமிடத்துக்கு 5 டிகிரிதான் ஏறும். ஃபேன் இல்லாத கூலரை அரை மணி நேரமாவது முழு லோடில் ஓட்டிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

வீட்டில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஏற்றுமதியைப் போட்டேன். கால் மணி நேரத்துக்குள் 100 டிகிரி. அதுதான் அந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு, அதற்கு மேல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 ஜிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.6க்கு இறங்கிவிட்டது.

கழற்றிப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. தகடுகள் சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. ஃபேன் காற்றை உள்ளே தள்ளினால் இது நல்ல அமைப்பு. தள்ள ஆளில்லை என்றால், சூடான காற்று தானாக மேலே எழும்பி வெளியேற இந்தச் சந்து போதாது, உள்ளேயே தேங்கிவிடும். தகடுகளின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். அது ஃபேனைப் பிடிக்கும் கம்பி கிளிப் உட்காரும் இடம். பள்ளத்துக்குப் பக்கத்தில் கிளிப் உரசிய கீறல், அதிர்வு தாங்க ஒட்டியிருந்த ரப்பர் பட்டையைப் பிய்த்த பசைத் தடம். ஆக, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய சரக்கு.

கூலரை மதர்போர்டில் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டின் கதை இன்னும் மோசம். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் எல்.ஜி.ஏ. 1200 என்றால் மதர்போர்டு துளைகளுக்கு இடையே 75 மி.மீ., என்னுடைய 1700க்கு 78 மி.மீ. பெட்டியில் இருந்தது பழையது. அதை அரத்தால் ராவி, துளையை நீள்வட்டமாக்கி என் போர்டில் இறுக்கியிருக்கிறார்கள். ராவிய உலோகத் தூள் போர்டின் மேலேயே கிடந்தது. ஷார்ட் ஆகாமல் தப்பியது புண்ணியம்.

கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "உங்க ரூம்ல வெயில் ஜாஸ்தி சார், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் முதலாளி. அப்புறம், வைத்துவிட்டுப் போங்கள், சரி செய்து தருகிறோம் என்றார்கள். மறுநாள் வாங்கி வந்து ஓட்டினால் 70ஐத் தாண்டவில்லை. ஆனால் அதே கோப்பு ஏற்றுமதியாக இரண்டு மடங்கு நேரம் ஆனது. கம்ப்யூட்டரின் சூடு, வாட் எல்லாம் காட்டும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் ப்ராசஸர் 25 வாட்டுக்கு மேல் ஒரு புள்ளி போகவில்லை. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன்: ப்ராசஸர் எத்தனை வாட் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பவர் லிமிட் 1, 2 இரண்டிலும் 25 என்று போட்டு வைத்திருக்கிறார்கள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைச் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் 500 ரூபாய் சேர்த்திருந்தார்கள். கூலர் ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு ஆத்திரம் வந்தது இதற்குத்தான்.

லிமிட்டைப் பழையபடி 65க்கு மாற்றி, பரணில் கிடந்த 120 மி.மீ. ஃபேன் ஒன்றை அந்தப் பள்ளத்தில் கிளிப் போட்டு மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டினாலே 70க்குள் நிற்கிறது. பார்க்கப்போனால் கூலர் நல்ல கூலர்தான், விற்ற விதம்தான் திருட்டு.

உண்மையான ஃபேன்லெஸ் கூலர் பார்த்தாலே தெரியும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2021இல் கொண்டுவந்த என்.ஹெச்.-பி1 கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 1.2 கிலோ அளவு, தடித்த தகடுகள் பதின்மூன்றே, நடுவே விரல் நுழையும் இடைவெளி. அவர்கள்கூட அதற்கு இத்தனை வாட் என்று ஒரு எண்ணை அறிவிப்பதில்லை. எந்த ப்ராசஸருக்கு எந்த அளவு தாங்கும் என்ற பட்டியல் தருகிறார்கள், மேல்பக்கம் திறப்புள்ள, காற்றோட்டமான கேபினட் வேண்டும் என்கிறார்கள். ஆர்க்டிக் நிறுவனத்தின் ஃபேன் இல்லாத கூலர் ஆல்பைன் 12 பாசிவ், ஒரே அலுமினியக் கட்டி, 47 வாட் என்று அடக்கமாகச் சொல்கிறது. பெயர் தெரியாத பெட்டி 640 கிராமில் 95 வாட் என்றால் எங்கேயோ இடிக்கிறது அல்லவா?

பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருந்தார்கள். அதைக் காட்டி விரட்டினால் நகர வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பிறகு கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். பணம் தர மாட்டார்களாம், அதே மதிப்புக்கு கலர் லைட் வைத்த கூலர் எடுத்துக்கொள்ளலாமாம். முடியாது என்று சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இதே பெட்டியை வாங்கியவர்கள் கூலரைத் திருப்பிக் கொடுக்கும் முன் மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: தகட்டு ஓரத்துப் பள்ளம், ராவிய பிராக்கெட், பெட்டியின் அடிப்பக்கம். பெட்டியில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டில் செய்தது என்பவை அச்சாகியிருக்க வேண்டும். என் பெட்டியில் எங்கேயும் ஒன்றுமே அச்சிடவில்லை. சர்வீஸுக்கு விட்டிருந்தால் பயாஸில் பவர் லிமிட் என்ன எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, அந்தத் திரையையும் படம் எடுங்கள்.